மஞ்சள் வேனுக்குப் போகும் பணமும் சேரிப் பள்ளிக்கு வராத வாத்தியாரும்

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் கடைசியில் செஞ்சி, வல்லம் பக்கத்து நெட் சென்டர்களில் ஒரு கூட்டம் நிற்கும். கையில் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் சாதிச் சான்று, பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, குழந்தையின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. நூறு நாள் வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வந்த அம்மாக்கள். தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. இடம் கேட்டு மனுப் போட வந்தவர்கள். எங்களில் சிலர் அந்த நாட்களில் அங்கேயே கிடப்போம். ஓ.டி.பி. வராத போனைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குள் வருகிறதா என்று வரைபடத்தில் அளந்துகொண்டு.

2025இல் அந்தக் கூட்டம் இல்லை. இணையதளமே திறக்கவில்லை. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத குற்றத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. பணம் வரவில்லை என்று மாநில அரசு சேர்க்கையைத் தொடங்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பங்கைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் மாதங்கள் ஓடின. அக்டோபரில் ஒருவழியாக அறிவிப்பு வந்தது. படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த ஆண்டில் ஏற்கெனவே தனியார் பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் குழந்தைகளிலிருந்துதான் தகுதியானவர்களைத் தேர்வு செய்வார்களாம். அவர்கள் கட்டிய கட்டணத்தைப் பள்ளி திருப்பிக் கொடுக்குமாம்.

அதாவது ஜூனில் பணம் கட்ட முடிந்தவருக்கு அக்டோபரில் இலவசம். கட்ட முடியாதவருக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாம். ஏழைக்கென்று வந்த சட்டம் ஏழையை மட்டும் கச்சிதமாகக் கழித்துக் கட்டிய ஆண்டு அது.

வல்லம் ஒன்றியத்துக் காலனி ஒன்றில் (அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், மினி பஸ் கண்டக்டர் இன்னும் அப்படித்தான் இறங்கச் சொல்கிறார்) ஒரு அம்மா எங்களிடம் கேட்டார்: "அப்ப எங்களுக்கு இல்லியா அண்ணா? கட்டுனவங்களுக்குத்தானா?" மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டு வந்து, கை மண்ணைக்கூடக் கழுவாமல் கேட்ட கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. அவர் மகள் அங்கன்வாடியில் இருக்கிறாள்.

அந்தக் கேள்விக்கு ஒன்றிய அரசைத் திட்டலாம். திட்ட வேண்டும். குழந்தையின் கல்விப் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாநிலத்தை மிரட்டுவது கூட்டாட்சி அல்ல, கந்துவட்டிக்காரன் வேலை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. ஏனென்றால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த அம்மாவின் மகள் படிப்பதற்கு ஏன் ஒரு இணையதளம் திறக்க வேண்டியிருக்கிறது? அவர்கள் தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி இருக்கிறதே?

இதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். பேசாமல் பத்தாண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டோம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது பிரிவு, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழந்தைக்கான பணத்தை அரசு பள்ளிக்குக் கொடுக்கும். அரசுப் பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. 2012இல் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது. 2014இல் சிறுபான்மைப் பள்ளிகளை இந்தச் சட்டத்திலிருந்து முழுவதுமாக விலக்கியது. தமிழ்நாட்டில் 2013–14 முதல் இது ஓரளவு முறையாக நடக்கிறது. ஆண்டுக்குச் சில நூறு கோடி ரூபாய் இந்த வழியில் அரசுக் கருவூலத்திலிருந்து தனியார் பள்ளி முதலாளிகளின் கணக்குக்குப் போகிறது.

இந்தச் சட்டம் வந்தபோது நம்மில் பலர் கைதட்டினோம். பணக்காரப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரப் போகிறார்கள் என்று எழுதினோம். சமூகவியல் படித்த திமிர் வேறு. கலந்து உட்கார்ந்தால் சாதி கரையும் என்று நம்பினோம். பெஞ்சில் நடந்தது வேறு. செஞ்சி–திண்டிவனம் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள், ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சள் வேன்கள் போகும். அந்தப் பள்ளிகள் டவுனில் இருக்கின்றன, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கின்றன, ஊர்த் தெருவை ஒட்டி இருக்கின்றன. சேரிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை இருக்கின்றன? ஊரின் குடியிருப்பு சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும்போது "ஒரு கிலோமீட்டர் சுற்றளவு" என்பது நடுநிலையான அளவுகோல் அல்ல. அந்த அளவுகோலுக்கே சாதி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டு விதிகளின்படி "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு" என்றால் பட்டியல் சாதி, பழங்குடியோடு பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் அனைவரும் அதில் வருவார்கள். வருமானம் குறைந்தவர்கள் "நலிவடைந்த பிரிவு". அனாதைகள், மாற்றுத்திறனாளிகள், தூய்மைப் பணியாளர் குழந்தைகள் போன்றோருக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் பட்டியல் சாதிக்கென்று அதற்குள் தனிப் பங்கு கிடையாது. குலுக்கலில் எல்லாச் சீட்டும் ஒரே டப்பாவில். ஊரில் இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருப்பவர் மகனும், அந்தக் கரும்பை வெட்டப் போகிறவர் மகளும் ஒரே குலுக்கலில். சமத்துவம்!

அமெரிக்காவில் இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறான். சார்ட்டர் பள்ளி என்று பெயர். பணம் அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது. 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு முதல் பள்ளி திறந்தது. போட்டி வந்தால் அரசுப் பள்ளிகளும் திருந்தும் என்றார்கள். 2005இல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைப் புரட்டிப் போட்டது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். தண்ணீர் வடிவதற்குள் மாநில அரசு பெரும்பாலான பள்ளிகளைக் கையகப்படுத்தியது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பள்ளிகள் ஒவ்வொன்றாகச் சார்ட்டர் ஆயின. 2019 வாக்கில் மாவட்டமே நேரடியாக நடத்தும் பள்ளி என்று ஒன்றுகூட அந்த நகரத்தில் இல்லை. தேர்வு மதிப்பெண் கூடியது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தெருவில் இருந்த பள்ளி போய்விட்டது. குழந்தைகள் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பேருந்தில் போனார்கள். கறுப்பின நடுத்தர வர்க்கத்தை உருவாக்கிய ஆசிரியர் வேலை ஒரே அடியில் உடைந்தது. கடைசியில் 2024இல் மாவட்டம் மறுபடி தானே ஒரு பள்ளியைத் திறந்தது.

சிலியில் 1981இல் சர்வாதிகாரி பினோசே கல்விக்கு வவுச்சர் கொடுத்தார். பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அந்தப் பள்ளிக்குப் பணம். இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2006இல், பள்ளி மாணவர்களே தெருவில் இறங்கினார்கள். 2011இல் கல்லூரி மாணவர்கள். வசதியானவன் ஒரு பள்ளி, கொஞ்சம் வசதியானவன் ஒரு பள்ளி, எதுவும் இல்லாதவனுக்கு மிச்சமிருக்கும் நகராட்சிப் பள்ளி என்று நாடு பிரிந்து போயிருந்தது. அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள் லாபம் எடுக்கக் கூடாது, பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவர 2015 வரை ஆனது.

தமிழ்நாட்டில் சார்ட்டர் என்ற பெயர் இல்லை. சரக்கு மெல்ல வருகிறது. 2024 டிசம்பர் கடைசியில் தனியார் பள்ளிகள் சங்கம் ஐந்நூறு அரசுப் பள்ளிகளைத் தத்தெடுக்கப் போகிறது என்று செய்தி வந்தது நினைவிருக்கும். எதிர்ப்புக் கிளம்பியதும், தத்து இல்லை, தாரை வார்ப்பு இல்லை, சமூகப் பொறுப்பு நிதியில் உதவி மட்டுமே என்று அமைச்சர் விளக்கம் கொடுத்தார். சரி, உதவிதான் என்றே வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இழுக்கும் வியாபாரம் செய்கிறவர் அதே அரசுப் பள்ளிக்குப் பெயிண்ட் அடிக்க வருவதை உதவி என்று நம்ப நாம் எவ்வளவு பச்சைப் பிள்ளையாக இருக்க வேண்டும்?

இப்போது 25 சதவீதத்தில் சேர்ந்த ஒரு பிள்ளையின் கணக்கைப் போடுவோம். நாங்கள் வீடு வீடாகப் பார்த்த கணக்கு.

அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. மதியம் சத்துணவு, முட்டை. சீருடை, புத்தகம், நோட்டு, செருப்பு, புத்தகப் பை. தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஆறரை மணிக்கு வேன் வரும் என்பதால் வெறும் வயிற்றோடு போகும் பிள்ளை, காலனியிலேயே படிக்கும் அக்காவைப் பார்க்கிறது. அக்கா சூடாகக் கிச்சடி சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறாள். அரசு தருவது கற்பிப்புக் கட்டணம் மட்டும். வேன் கட்டணம், புத்தகம், இரண்டு செட் சீருடை, டை, பெல்ட், ஷூ, ஆண்டு விழா என்று ஆளுக்கொரு பெயரில் சீட்டு வரும். புத்தகம், சீருடைச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு சென்னையில் இருக்கிறது; ரசீது எங்கள் கையில் இருக்கிறது. கட்ட முடியாமல் போன ஒரு குடும்பத்துக்காக நாங்கள் ஒரு பள்ளி அலுவலகத்தில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்தோம். "நீங்க ஆர்.டி.இ. பேரண்ட்டா?" என்று கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது. நம் அப்பாக்கள் கேட்ட தொனிதான் அது, இங்கிலீஷில்.

எட்டாம் வகுப்போடு சட்டம் முடிகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில், ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம் கட்டு அல்லது வெளியே போ. வெளியே வந்த பிள்ளை அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வருகிறது. 2020இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. எட்டு வரை ஆர்.டி.இ.யில் படித்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் வாசல் திறந்திருக்கிறது. அப்படியானால் எப்படியோ கடன் வாங்கி அதே தனியார் பள்ளியில் பன்னிரண்டு வரை முடித்த பிள்ளைக்கு? அதற்கு அந்த ஒதுக்கீடு இல்லை. கல்லூரி போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டமும் இல்லை. இந்தக் கணக்கை எல்.கே.ஜி. சேர்க்கும்போது எந்தப் பள்ளியும் அம்மாக்களிடம் சொல்வதில்லை. நாங்களும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மனுப் போட்டுக் கொடுத்து, சீட் கிடைத்ததும் மிட்டாய் வாங்கிச் சாப்பிட்டோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியென்றால் ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள், அந்த அம்மாக்களுக்கு விவரம் போதாதா?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கோபம் பாக்கி வைத்திருக்கிறோம்.

அம்மாக்களுக்கு விவரம் நம்மைவிட அதிகம். மூன்று வயதில் பிள்ளையை எங்கே விடுவது என்பது முதல் கேள்வி. அவர் களை எடுக்கப் போக வேண்டும், செங்கல் சூளைக்குப் போக வேண்டும். தனியார் பள்ளி மூன்று வயதில் எல்.கே.ஜி. என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அரசுப் பள்ளியின் கதவு ஐந்து வயதில்தான் திறக்கும். இடையில் இரண்டு ஆண்டு அங்கன்வாடி. அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள், சோறு போடுவார்கள். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ, பி, சி, டி எழுதுகிறது. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். ஆசிரியர் யார்? உபரி என்று கணக்கிட்ட இடைநிலை ஆசிரியர்களை மாற்றினார்கள். 2022இல் அவர்களைத் திருப்பி எடுத்தார்கள், மூடப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது, எதிர்ப்பு வந்தது, தொடரும் என்றார்கள். இப்படி ஊசலாடும் வகுப்பை நம்பி எந்த அம்மா பிள்ளையை விடுவார்? 2,381 என்பது தமிழ்நாட்டுக்கே. ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் அந்த வகுப்பு இருந்திருந்தால் நெட் சென்டர் கூட்டத்தில் பாதி கலைந்திருக்கும்.

இரண்டாவது, வாத்தியார். இங்கே கல்வி உரிமைச் சட்டமே நமக்குக் குழி பறித்திருக்கிறது. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் எமிஸில் விவரம் ஏற்ற, பயிற்சிக்கு, தேர்தல் வேலைக்குப் போனால் ஒரே ஆசிரியர். ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார்; ஆசிரியர் குறைந்தால் பிள்ளைகள் இன்னும் குறைவார்கள். தனியார் பள்ளிக்கு ஒவ்வொரு ஆண்டும் அரசே காசு கொடுத்து அனுப்பும் அந்த நாலு பிள்ளைகள்தான் இந்தச் சக்கரத்தைச் சுற்றிவிடுகிறார்கள். காலனிப் பள்ளியில் முப்பத்திரண்டு பேர் இருபத்தெட்டாவது எப்படி, இருபத்தெட்டு பதினேழாவது எப்படி என்று நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

காலி இடத்தை எப்படி நிரப்பினார்கள் தெரியுமா? 2022இல் 13,331 இடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. பிறகுதான் தொகையைக் கூட்டினார்கள். அதற்கு முந்திய ஆண்டு நம் மாவட்டத்திலேயே, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில், இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. கொரோனாவில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்கு மாலையில் பாடம். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு நம் தெருப் பெண்கள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார்கள். அவர்களை நாம் கும்பிட வேண்டும். ஆனால் ஆயிரம் ரூபாய்த் தன்னார்வலரை வைத்து ஒரு அரசு பொதுக்கல்வியில் முதலீடு செய்வதாகச் சொல்லக் கூடாது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். சாதி. ஊர்ப் பள்ளியில் கழிப்பறையைக் கழுவச் சொல்வது எந்தப் பிள்ளையை? "உங்க ஆளுங்களுக்குத்தான் எல்லாம் ஃப்ரீயாச்சே" என்று வகுப்பில் கேட்பது எந்தப் பிள்ளையிடம்? அந்தப் பேச்சு அரசுப் பள்ளியிலும் உண்டு, தனியாரிலும் உண்டு. ஆனால் டை கட்டி ஷூ போட்ட பிள்ளை எந்தத் தெரு என்று சாலையில் போகிறவனுக்குத் தெரியாது. அந்த அரைமணி நேர வேன் பயணத்துக்காக ஒரு தாய் தாலியை அடகு வைத்தால் அதைப் பார்த்து "மோகம்" என்று சொல்ல நமக்கு வாய் கூசவில்லையா? இதை எழுதுகிற எங்களிலும் இரண்டு பேர் வீட்டுப் பிள்ளைகள் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்கள். மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம்மைப் படிக்க வைத்தது எந்த வேனும் அல்ல. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியபோது, பண்டிதர் அயோத்திதாசர் போன்றவர்கள் அந்த முயற்சியின் பக்கம் நின்றார்கள். பிறகு மெட்ராஸ் அரசு தொழிலாளர் துறையை உண்டாக்கி, நாம் நுழைய முடியாத ஊர்ப் பள்ளிகளுக்கு மாற்றாக நம் சேரிகளில் லேபர் ஸ்கூல் கட்டியது. அதுதான் அரிசனப் பள்ளி ஆகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆகி, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளாக நிற்கிறது. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றபோது எதிர்த்துத் தூக்கி எறிந்தது இந்த மண். காமராசர் பள்ளி திறந்து சோறு போட்டார். நம் முதல் தலைமுறை ஆசிரியர்கள், எழுத்தர்கள், நர்சுகள் எல்லோரும் அந்தச் சுவர் பெயர்ந்த பள்ளிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்தவர்கள். இதை எழுதுபவர்களும் அப்படித்தான்.

அந்தப் பள்ளிகளை என்ன செய்வது என்பதில் நமக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, அறநிலையத் துறை என்று பல துறைகள் நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. நாங்குநேரி வெட்டுக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் அந்தத் திசையில்தான் பரிந்துரைத்தது. தலித் இயக்கங்கள் பல எதிர்த்தன. எங்களுக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. சேரிப் பிள்ளைக்கென்று தனிப் பள்ளி என்பது பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு அல்ல. ஊர்ப் பிள்ளை அங்கே வருவதே இல்லை. ஆனால் பள்ளியின் பலகை மாறும்போது அதன் நிலம், கட்டடம், துணைத்திட்ட நிதி, ஆசிரியர் பணியிடம் எல்லாம் எந்தக் கணக்கில் கரையும் என்று எழுத்தில் சொல்லாமல் கையெழுத்துப் போட நாம் தயாரில்லை. அதைச் சொல்லட்டும், பிறகு பலகையைக் கழற்றுவோம்.

பணம் இல்லை என்கிறார்கள். 1927 மார்ச்சில் பம்பாய் சட்ட மேலவையில் அம்பேத்கர் பேசியபோது இதே பேச்சைத்தான் எதிர்கொண்டார். மக்களிடமிருந்து சாராய வரியாக எவ்வளவு எடுக்கிறீர்களோ, அவ்வளவையாவது அவர்கள் கல்விக்குச் செலவிடுங்கள் என்று அவர் வாதிட்டார். நூறு ஆண்டு ஆகப் போகிறது. தமிழ்நாட்டில் 2024–25இல் டாஸ்மாக் தந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். 2025–26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. வேறு மாநிலங்களோடு பார்த்தால் இது சிறிய தொகை அல்ல, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நம் தெரு ஆண்கள் குடித்துக் கொடுத்த பணமே நம் தெருப் பள்ளிகளுக்கு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரியைக் காட்ட இனி ஆள் வருவார்கள், சாலை வரும், விளக்கு வரும். வரட்டும், நல்லது. அந்தக் கோட்டையின் மலைகளில் ஒன்றின் பெயரிலேயே நம் அருந்ததிய மக்கள் இருக்கிறார்கள், சக்கிலி துர்க்கம். அந்த மலை தெரியும் தூரத்தில் இருக்கும் பள்ளிகளுக்கும் ஒரு பட்டியல் போட யாராவது வரட்டும்.

அப்படியென்றால் 25 சதவீதத்தை ரத்து செய்யச் சொல்கிறோமா? இல்லை. இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் அந்த வழியையும் பக்கத்து மாநிலம் போய்ப் பார்த்துவிட்டது. அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ அருகில் இருந்தால் தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. இடம் கிடையாது என்று 2018 கடைசியில் கர்நாடகம் விதியை மாற்றியது, நீதிமன்றமும் ஏற்றது. கேள்விப்படும்போது நம் வாதம் போலவே இருக்கும். ஆனால் அரசுப் பள்ளியைச் சரிசெய்துவிட்டு அல்ல, சரிசெய்வதற்கு முன்பே கதவை மூடினார்கள். தனியார் பள்ளி முதலாளிகளுக்குத் தலைவலி போனது. சேரிப் பிள்ளைக்கு என்ன வந்தது? மகாராட்டிரம் 2024இல் அதே போல் செய்யப் பார்த்தது, பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. இருக்கும் ஓட்டைப் படகை எரித்துவிட்டு, பாலம் கட்டுவோம் என்று கரையில் நிற்பது நம் வேலை அல்ல. இன்று அந்தப் பள்ளிகளில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வரை பணம் கட்டு, புத்தகம் சீருடை கொடு, அவர்களுக்கும் காலை உணவு கொடு, குலுக்கலில் பட்டியல் சாதிக்குத் தனிப் பங்கு வை என்று கேட்போம். கேட்டுக்கொண்டே, அடுத்த ரூபாய் எங்கே போக வேண்டும் என்பதில் சண்டை போடுவோம். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் நிரந்தர ஆசிரியரோடு எல்.கே.ஜி. வகுப்புக்கு ஒரு ஆசிரியர், இருபது பிள்ளைகள் இருந்தாலும் சரி. காலனிப் பள்ளிக்குக் காவலும் துப்புரவுப் பணியாளரும், நம் பிள்ளைகள் கையில் விளக்குமாறு போகாதபடி.

படித்த நாம் செய்யாத வேலை ஒன்றும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. பெரும்பான்மை பெற்றோர், தலைவராக ஒரு அம்மா. அந்தக் கூட்டத்தில் போடும் தீர்மானம் மேலே போக வேண்டும், பதில் வர வேண்டும். நம்மில் எத்தனை பேர் ஒரு கூட்டத்திலாவது உட்கார்ந்திருக்கிறோம்? நெட் சென்டரில் மனு நிரப்பிக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் சில பள்ளிகளில் மூன்றாவது ஆசிரியர் வந்திருப்பார். இதை முதலில் எங்களுக்கே சொல்லிக்கொள்கிறோம்.

மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்து கேட்ட அந்த அம்மாவை இந்த மாதக் கூட்டத்துக்கு அழைத்துப் போனோம். அவர் மகள் இன்னும் அந்தப் பள்ளியில் சேரவில்லை, அதனால் அவர் உறுப்பினர் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்தே கேட்டார்: "எல்.கே.ஜி. எப்ப சார் ஆரம்பிப்பீங்க? ஆரம்பிச்சா நான் மட்டும் இல்ல, எங்க தெருவுல பதினோரு புள்ளைங்க இருக்குது." எச்.எம். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு தீர்மான நோட்டை எடுத்து, பதினொன்று என்று எழுதிக்கொண்டார். பதினோரு பெயர்களையும் வயதோடு, அம்மாக்கள் கையெழுத்தோடு அடுத்த கூட்டத்துக்குள் கொடுக்க வேண்டும். பெயர் சேகரிக்க ஞாயிற்றுக்கிழமை போகிறோம். செஞ்சிக் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது வருவதானால் காலை ஏழு மணிக்கு வல்லம் பஸ் நிறுத்தத்தில் இருங்கள். எட்டு மணிக்கு மேல் போனால் அம்மாக்கள் கொல்லைக்குப் போய்விடுவார்கள்.